பதினொன்று நாற்பது

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய வேலை, பார்த்துக்கொண்டிருப்பது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்க ஒரு வேலையா? எனக்கும் ஒண்ணு சொல்லி வை" என்று நாத்தனார் இரண்டு முறை கேட்டுவிட்டாள். அவள் சிரித்து மழுப்பினாள். விளக்கிச் சொல்லும் அளவுக்கு அவளுக்குப் பேச்சு வராது.

மூன்றாவது மாடியில், நடையின் கோடியில் இருந்தது அந்த அறை. நான்கு சாய்வு நாற்காலிகள், சுவரில் ஒரு பெரிய கடிகாரம், துணி போட்டு மூடிய ஒரு தள்ளுவண்டி. துணிக்கு அடியில் ஊசிகள் தயாராக இருக்கும். அவளுக்குச் சாய்வில்லாத ஒரு நாற்காலி. கைக்கு எட்டும் இடத்தில் சிவப்பு மணி. அதை அழுத்தினால் அடுத்த அறையிலிருந்து டாக்டரும் சிஸ்டரும் ஓடி வர வேண்டும் என்பது ஏற்பாடு.

அங்கே நடந்தது அலர்ஜி ஆராய்ச்சி. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் தாங்களாகவே சம்மதித்து, கையெழுத்துப் போட்டு வருவார்கள். ஆறு கிண்ணம் கோக்கோ கூழ், அரை மணிக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். ஒரு நாள் அதில் கடலை மாவு கலந்திருக்கும், கிண்ணத்துக்குக் கிண்ணம் கொஞ்சம் கூடுதலாக. இன்னொரு நாள் வெறும் கூழ். எது எந்த நாள் என்று கலக்கும் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் பூட்டிய அறையில் கலந்து, ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டுவார். விவரம் ஒட்டிய உறைக்குள் இருக்கும். சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

பெரிய டாக்டரம்மா கண்டுபிடிக்க நினைத்தது ஒன்றே ஒன்று. உடம்பில் முதல் அறிகுறி தெரிவதற்கும் தொடையில் ஊசி போடுவதற்கும் நடுவே எத்தனை நிமிஷம் வீணாகிறது, ஏன் வீணாகிறது. ஊசி கையிலேயே இருந்தும், 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று காத்திருந்து செத்துப்போனவர்கள்தான் அதிகம் என்பார் அவர்.

அவள் அங்கே தரை துடைக்க வந்தவள். ஏழாவதோடு படிப்பு நின்றது. அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார் ஆசிரியை. அப்பா வேலைக்காக வெளியூர் போயிருந்தார். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் பள்ளிக்குப் போகவில்லை. மறுநாள் போனால் நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று அன்றைக்கும் போகவில்லை. அப்பா திரும்பி வந்தபோது ஒரு மாதம் ஓடியிருந்தது. பள்ளியும் தேடவில்லை, வீடும் அனுப்பவில்லை.

பேசாதவர்களுக்குக் கண் கூர்மை. ஒரு நாள் துடைப்பத்தோடு அந்த அறையில் நின்றவள், கூழ் சாப்பிட்ட சிறுமி காலை ஆட்டுவதை நிறுத்தியதைப் பார்த்தாள். சிஸ்டரின் கையைத் தொட்டு, "அந்தப் பொண்ணுக்கு என்னமோ பண்ணுது" என்றாள். அடுத்த இரண்டு நிமிஷத்தில் சிறுமிக்கு வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு. பெரிய டாக்டரம்மா விசாரித்தார். அதற்கு அடுத்த வாரமே துடைப்பம் போய் நாற்காலி வந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒரு தாளில் குறிக்க வேண்டும்: தோல், தொண்டை, மூச்சு, வயிறு, முகம். மாற்றம் இருந்தால் கூட்டல் குறி, இல்லாவிட்டால் கோடு. அவளால் முடிந்த எழுத்து அது. ஆஸ்பத்திரியில் அவளுக்குக் 'கடிகார அக்கா' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

லாரிக்காரர் வந்தது மழைக்காலத்தில். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. கூடவே அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. வாய் ஓயாத ஆள்.

"மாமா, இவ்ளோ பெரிய உடம்பு, ஒரு கடலைக்குப் பயப்படுதே. வெளிய சொல்லிடாதீங்க, லாரி கூட மதிக்காது."

"நீ வாய மூடிட்டு வந்தா போதும் மாப்ள" என்றார் லாரிக்காரர். அவளைப் பார்த்து, "இவனுக்கு ஏதாவது கூழ் இருக்காம்மா, வாய் ஒட்டிக்கற மாதிரி?" என்று கேட்டார். அவள் குனிந்து சிரித்தாள்.

இரண்டு கிண்ணம் வரை சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் போனது. மூன்றாவது கிண்ணம் முடிந்ததும் அவர் பேச்சு நின்றது. கழுத்தைச் சொறிந்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. மூச்சு வேகமாக வாங்கியது. அவள் மணியை அழுத்தினாள்.

அன்று பெரிய டாக்டரம்மா ஊரில் இல்லை. சின்ன டாக்டர் வந்தார், நாடி பார்த்தார், குதிரை ஓடுவது போல ஓடியது. கழுத்து சிவந்திருந்தது. ஊசி போட்டார். லாரிக்காரருக்குக் கைகால் வெடவெடவென்று நடுங்கியது. அந்த மருந்தின் குணம் அது. பிறகு விதிப்படி உறையைப் பிரித்தார்கள். அன்று கொடுத்தது வெறும் கூழ். கழுத்தில் உறுத்தியது புதுச் சட்டையின் காலரில் தைத்திருந்த துணித்துண்டு. மிச்சமெல்லாம் பயம்.

மச்சினன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா, சட்டைக்கு அலர்ஜின்னு எழுதச் சொல்லுங்க. நாளைக்குத் தண்ணி குடிக்கறப்பவும் ரெண்டு டாக்டரக் கூட்டிட்டு வந்துடலாம்."

லாரிக்காரர் நடுங்கும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். யாரும் பார்க்கக் கூடாதென்று அவர் அப்படிச் செய்ததை அவள் பார்த்தாள்.

சின்ன டாக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. "கடிகார அக்கா, பத்தரைக்கே பன்னெண்டு அடிச்சுட்டீங்களே" என்றார். சிஸ்டர் சிரித்தார். தட்டு எடுக்க வந்தவரும் சிரித்தார். சாப்பாட்டு வேளைக்குள் மூன்று மாடிக்கும் அந்தச் சிரிப்பு போய்ச் சேர்ந்துவிட்டது. அவளும் கூடச் சிரித்தாள். கழுவும் தொட்டியின் முன்னால் நின்று இல்லாத பாத்திரத்தைக் கழுவினாள். படிக்காதவளை நாற்காலியில் உட்கார வைத்தால் இப்படித்தான் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் சொன்னது போலவே அவளுக்குக் கேட்டது.

மூன்று வாரம் கழித்து லாரிக்காரர் திரும்ப வந்தார். உறையைப் பிரித்துவிட்டதால் முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும். எந்த நாள் எது என்று புதிதாக மறைத்திருந்தார்கள். இந்த முறை காலர் இல்லாத பனியன் போட்டிருந்தார்.

"பாத்தீங்களா, சட்டைய வீட்லயே விட்டுட்டு வந்துட்டாரு. ஆபத்தான சட்டை" என்றான் மச்சினன். பிறகு அவள் பக்கம் திரும்பி, "அக்கா, இன்னைக்கு கொஞ்சம் பாத்து மணியடிங்க. போன தடவ ஊசி போட்டுட்டு வந்து ராத்திரியெல்லாம் தூங்கல இவரு" என்றான். அவன் கேலியாகத்தான் சொன்னான். அவளுக்குக் காது மடல் சுட்டது.

நான்கு கிண்ணம் போனது. ஒன்றும் இல்லை. பதினொன்றரைக்கு ஐந்தாவது கிண்ணம். மச்சினன் டீ குடிக்கக் கீழே போனான்.

பதினொன்று நாற்பதுக்கு அவள் தலை நிமிர்ந்து பார்த்தபோது, லாரிக்காரர் உள்ளங்கைகளைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக, முன்னும் பின்னும். எச்சிலை விழுங்கினார். உடனே இன்னொரு தரம் விழுங்கினார். உதட்டைச் சுற்றி நிறம் ஒரு சொட்டு இறங்கியிருந்தது. போன முறை மாதிரி வியர்வை இல்லை, மூச்சிரைப்பு இல்லை. இது வேறு. போன முறை பயந்த மனிதரைப் பார்த்தாள். இப்போது தன் உடம்புக்குள் எதையோ உற்றுக் கேட்கிற மனிதரைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது. சந்தேகமே இல்லாமல் தெரிந்தது.

கை மணிக்குப் போனது. அந்த நேரம் பார்த்து அவர் நிமிர்ந்தார். இருவர் பார்வையும் சந்தித்தன. அவர் தலையை லேசாக, மிக லேசாக, வேண்டாம் என்பது போல அசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த அறையில் சின்ன டாக்டர் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. அவளைப் பற்றி இல்லை. இருந்தாலும் கை திரும்பி வந்துவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் பார்ப்போம், தடிப்பு ஏதாவது வரட்டும், காட்டுவதற்கு ஏதாவது இருக்கட்டும் என்று நினைத்தாள். தாளை எடுத்தாள். பதினொன்று நாற்பது: தோல், தொண்டை, மூச்சு, வயிறு, முகம். ஐந்து கோடு போட்டாள். ஐந்தும் நேராக விழுந்தன.

பதினொன்று ஐம்பதுக்கு அவர், "பாத்ரூம் போய்ட்டு வந்துர்றேம்மா" என்று எழுந்தார். குரல் கரகரத்தது. இரண்டடி வைத்ததும் முழங்கால் மடங்கியது. அவ்வளவு பெரிய உடம்பு தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு சரிந்தது. அவள் மணியை அழுத்தினாள், அழுத்திய கையை எடுக்கவே இல்லை. சிஸ்டர் வந்து கையைப் பிடித்து எடுக்க வேண்டியிருந்தது.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு முதல் ஊசி. தரையிலேயே படுக்க வைத்து, கால்களை உயர்த்தி, ஆக்சிஜன் முகமூடி மாட்டி, ஐம்பத்தேழுக்கு இரண்டாவது ஊசி. ரத்த அழுத்தம் கருவியில் அகப்படவே இல்லை. டீ குடித்துவிட்டுப் படியேறி வந்த மச்சினன் கதவருகே நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. "மாமா, மாமா" என்று மட்டும் முணுமுணுத்தான். பன்னிரண்டேகாலுக்கு லாரிக்காரர் கண் திறந்தார். மறுநாள் வரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

இதோடு முடிந்திருந்தால் அவள் எப்படியாவது மென்று விழுங்கியிருப்பாள். ஆனால் தாள் இருந்ததே. தாளின்படி முதல் அறிகுறி பதினொன்று ஐம்பது, ஊசி ஐம்பத்திரண்டு. இரண்டே நிமிஷம். இந்த ஆராய்ச்சி தொடங்கியதிலிருந்து இவ்வளவு சீக்கிரம் யாரும் போட்டதில்லை.

வியாழக்கிழமை பெரிய டாக்டரம்மா புதிதாகச் சேர்ந்த பயிற்சி டாக்டர்கள் பத்துப் பன்னிரண்டு பேரை அறைக்குக் கூட்டி வந்தார். அவளை எழுந்து நிற்கச் சொன்னார்.

"இவங்க கண்ணு நம்ம மெஷினை விட வேகம். ரெண்டு நிமிஷம். ஒரு தடவ தப்பா மணியடிச்சதுக்கு எல்லாரும் கிண்டல் பண்ணாங்க. வேற ஆளா இருந்தா அடுத்த தடவ தயங்கியிருப்பாங்க. இவங்க தயங்கல. அதான் அவரு பொழச்சாரு."

பயிற்சி டாக்டர்கள் அவளைப் பார்த்தார்கள். ஒரு பெண் அவள் சொல்லப்போவதை எழுதிக்கொள்ள நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். சின்ன டாக்டர், "மன்னிச்சுடுங்க அக்கா, அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவள் தன் செருப்பைப் பார்த்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. அவளுடைய அமைதியை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு யாரோ கை தட்டினார்கள், மற்றவர்களும் தட்டினார்கள்.

அன்று சாயங்காலம் நடந்ததைக் கணவனிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"மனுஷன் பொழச்சுட்டாருல்ல? அப்புறம் என்ன."

"தாளு பொய் சொல்லுதுங்க."

"தாளுக்கு வாயா இருக்கு. நீ சொன்னாத்தான் தெரியும். நீதான் சொல்ற ஆளே இல்லையே." அவர் சிரித்தார். "எங்க வேலைலயும்தான். மேல ஏறி பிரேக்கத் திறந்து பாத்துட்டு டிக் அடிக்கணும். ஒரு பில்டிங்ல கீழ நின்னே அடிச்சிருக்கேன். ஒண்ணும் ஆகல."

அவள் வெறுமனே அவரைப் பார்த்தாள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "என்னத்துக்கு அப்படிப் பாக்கற?" என்றார். மறுநாள் காலையில் வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பினார். எங்கே என்று கேட்டதற்கு, "ஒரு லிஃப்ட்டப் பாத்துட்டு அப்படியே வேலைக்குப் போறேன்" என்று முகத்தைக் காட்டாமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவளும் சீக்கிரம் போனாள். பெரிய டாக்டரம்மா அறை வாசலில் அரை மணி நேரம் நின்றாள். உள்ளே போனதும், வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றும் இல்லை.

"மேடம், அந்தத் தாள் வேணும்."

"எந்தத் தாள்?"

"லாரிக்காரர் தாள். பதினொண்ணு நாப்பது தப்பு."

டாக்டரம்மா கோப்பை எடுத்துப் பிரித்தார். அவள் விரலை வைத்துக் காட்டினாள். "கை அரிச்சுது அவருக்கு. ரெண்டு தடவ விழுங்கினாரு. வாயச் சுத்தி வெளுத்துச்சு. பாத்தேன். பாத்துட்டுத்தான் கோடு போட்டேன்."

"சந்தேகமா இருந்துச்சா?"

"இல்ல மேடம். நல்லாத் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்?"

"சிரிப்பாங்கன்னு" என்றாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். கோபம்தான் பட்டார், சத்தம் போடாத கோபம். "அவரு செத்திருப்பாரு. தெரியும்ல?" என்றார். "தெரியும் மேடம்." பிறகு பேனாவை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

ஆராய்ச்சித் தாளில் எதையும் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு. கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதைப் போட்டு, கையெழுத்தும் தேதியும். அவள் அப்படியே செய்தாள். தொண்டைக்கு ஒரு கூட்டல், தோலுக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று. ஓரத்தில் காரணம் எழுத வேண்டிய இடம் இருந்தது. "எழுதுங்க" என்றார் டாக்டரம்மா. 'பார்த்தேன். சொல்லவில்லை' என்று எழுதினாள். எழுத்து கோணியிருந்தது. இரண்டு நிமிஷம் பன்னிரண்டு நிமிஷமாயிற்று.

"ஆராய்ச்சிய மேற்பார்வை பாக்கற குழுவுக்கு இத நான் அனுப்பணும். விசாரிச்சு முடிக்கற வரைக்கும் நீங்க அந்த நாற்காலில உக்கார முடியாது" என்றார். பிறகு, "அவருக்கும் தெரியணும். ஆராய்ச்சிக்கு வந்தவருக்கு நடந்தத மறைக்கக் கூடாது. நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டார்.

நீங்களே சொல்லிவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "நான் சொல்றேன்" என்று வந்தது.

திங்கட்கிழமை லாரிக்காரர் பரிசோதனைக்கு வந்தார். மச்சினனும் கூட வந்தான், இம்முறை சட்டைப் பையில் மாமாவுக்கான ஊசியோடு. டாக்டரம்மா தன் அறையில் மூவரையும் உட்கார வைத்து, தானும் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். அவள் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நாற்பதுக்குப் பார்த்ததையும், கை போய்த் திரும்பி வந்ததையும், ஐந்து கோடு போட்டதையும் சொன்னாள்.

லாரிக்காரர் தொண்டையைச் செருமினார். "நான்தானே தலைய ஆட்டினேன்."

"அவரு ஆட்டினா உங்களுக்கு என்ன அக்கா?" மச்சினன் கேட்டான். குரல் ஏறவில்லை, உடைந்திருந்தது. "உங்க வேலையே அதுதானே."

"ஆமா" என்றாள்.

"விடு மாப்ள" என்றார் லாரிக்காரர். "எனக்கும்தான் தெரிஞ்சுது, உள்ளுக்குள்ள என்னமோ கழண்டு விழற மாதிரி. மறுபடியும் ஒண்ணுமில்லன்னு ஆயிட்டா நீ வருஷம் பூரா சொல்லிக் காட்டுவேன்னு பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன்."

மச்சினன் சட்டைப் பையிலிருந்த ஊசியை வெளியே எடுத்தான், திரும்ப உள்ளே வைத்தான். அவனுக்குச் சொல்ல ஒரு கேலியும் கிடைக்காமல் போனதை அவள் முதல் முறையாகப் பார்த்தாள். அவரும் வேண்டாம் என்று தலையாட்டினார், தானும் மணியடிக்கவில்லை, கணக்கு சரியாகிவிட்டது என்று அவளால் நினைக்க முடியவில்லை. அவருக்கு வெட்கப்பட அன்றைக்கு உரிமை இருந்தது. அவளுக்கு இல்லை.

"நாளன்னைக்கு லாரி எடுக்கறேன்" என்றார் லாரிக்காரர். "தனியாத்தான் போவேன். ரோட்டோரக் கடைல எத வறுத்த எண்ணெய்ல எதப் பொரிக்கறாங்கன்னு யாருக்குத் தெரியும். அன்னைக்கு எனக்கு உள்ள தெரிஞ்சுதே தவிர, வெளிய என்ன ஆச்சுன்னு தெரியாது. நீங்க என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்கம்மா. ஒண்ணு விடாம."

அவள் சொன்னாள். உள்ளங்கை அரிப்பு. இரண்டு முறை விழுங்கியது. அரிப்பை விட அந்த விழுங்கல்தான் முக்கியம் என்றாள். உதட்டோரம் நிறம் இறங்கியது. அதை லாரிக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். பேச்சு நிற்பது. எழுந்து நடக்கத் தோன்றினால் நடக்கக் கூடாது, வண்டியை ஓரம் கட்டி, ஊசியைத் துணிக்கு மேலேயே தொடையில் குத்திக்கொண்டு, படுத்துக்கொண்டுதான் யாரையும் கூப்பிட வேண்டும். அவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசியதில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவர் கைகளைப் பார்த்தே சொன்னாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார் அவர். "மாப்ள, எழுதிக்கோ."

மச்சினன் டாக்டரம்மாவிடம் ஒரு தாள் வாங்கினான். அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவன் எழுதி முடிக்கும் வரை ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, நிறுத்திச் சொன்னாள்.